வந்தேறிச் சான்றிதழ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. ஸஹ்ராவின் மேல் பொறாமை. அவள் ஓட்டத்தின் மேல் இல்லை. அவள் ஐயாயிரம் மீட்டரைப் பதினைந்து நிமிடத்துக்குள் ஓடினால் எனக்கென்ன, நான் துப்பாக்கி சுடுகிறவள், நின்ற இடத்தை விட்டு அசையவே கூடாத ஆட்டம் என்னுடையது. அவளுக்குக் கொடி கிடைத்ததே, அதன் மேல்தான் பொறாமை.

பதினாறு வருடமாக நாட்டுக்காகப் பறக்கிற களிமண் தட்டுகளைச் சுட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் நாட்டின் பெயரை வரைபடத்தில் கடலின் மேல்தான் எழுதுவார்கள்; நிலத்தில் இடம் போதாது. அத்தனை சின்ன நாட்டிலிருந்து மூன்று உலக விளையாட்டுகளுக்குப் போயிருக்கிறேன். மூன்றிலும் தொடக்க விழாவில் வேறு யாரோ கொடி பிடித்தார்கள், நான் பின்னால் நடந்தேன். தொலைக்காட்சியில் ஒரே ஒரு தடவை என் இடது தோள் தெரிந்தது. அம்மா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களிடம், "இது எங்க ஷம்மா" என்று தோளைக் காட்டுவாள்.

இந்தத் தடவை கொடி எனக்குத்தான் என்று பேசி முடித்தாகிவிட்டது. பேசி முடித்தவர்கள் எங்கள் வீட்டார். அப்பா, ஆண்கள் கூடிப் பேசும் வரவேற்புக் கூடமான தன் மஜ்லிஸுக்குக் காப்பி குடிக்க வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டார். தங்கை ஜவாஹிரைப் பெண் கேட்டிருந்தது பாலைவனத்துப் பெரிய கோத்திரத்தார், அவர்களிடமும் சொல்லியாயிற்று. அம்மா பொன்னிறக் கரை வைத்த கறுப்பு அங்கி ஒன்றைத் தைக்கக் கொடுத்திருந்தாள். நான் தினமும் கண்ணாடி முன்னால் துடைப்பக் கழியைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன்.

அப்போதுதான் எங்கள் விளையாட்டுப் பேரவையின் கொடிக் குழுத் தலைவர் டாக்டர் மிஷால் ஐரோப்பாவில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். அவர் கருத்தரங்குக்குப் போகாமல் இருந்திருந்தால் நானும் என் குடும்பமும் இன்றைக்கு நன்றாக இருந்திருப்போம்.

கொடிக் குழு என்பது பதினோரு பேர். நான்கு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் வேலை. அதற்காக வாரம் இரண்டு தடவை கூடுவார்கள். கூடியதும் முதல் வேலையாக மேஜை மேல் படுத்திருக்கும் கொடிக்கம்பத்துக்கு எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்ய வேண்டும். உட்கார்ந்ததும் பேரீச்சம்பழம், காப்பி. காப்பிக் கோப்பையை ஆட்டிக் காட்டினால்தான் ஊற்றுவதை நிறுத்துவார்கள். குழுவில் யாரும் அவசரப்பட்டு ஆட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை. வீராங்கனைகளின் பிரதிநிதி என்று என்னையும் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

டாக்டர் மிஷால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சகோதரர்களே, உலகம் மாறிப்போச்சு. இப்ப பெரிய பெரிய நாடெல்லாம் வந்து குடியேறினவங்க கையிலதான் கொடியைக் குடுக்குறாங்க. பேப்பர்ல அவங்களைப் பத்தித்தான் எழுதுறாங்க. நம்மள பத்தி யாரு எழுதுறா? நம்மகிட்டயும் ஆளுங்க இல்லாம இல்ல. நாட்டுல பத்துப் பேரை எடுத்தா ஒம்பது பேர் வெளியில இருந்து வந்தவங்க. ஆனா அவங்கள்ல யாரும் குடியேறினவங்க இல்ல. வேலைக்கு வந்தவங்க. தேடித் தேடிப் பார்த்தேன், நாட்டுல குடியேறினவன்னு சொல்ல ஒருத்திதான் இருக்கா. ஸஹ்ரா."

செயலாளர் உஸ்தாத் வஜீஹ் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். வஜீஹ் எகிப்துக்காரர். முப்பத்தொரு வருடமாக இங்கே இருக்கிறார். எங்கள் தேசிய தின உரைகள் எல்லாம் அவர் எழுதியவைதான். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் அவருடைய விசா முடிகிறது, ஜூலையில் புதுப்பிக்கிறார்கள். நடுவில் இருக்கும் நாட்களில் அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

"டாக்டர்," என்றேன், "நான் இந்த மண்ணுல பொறந்தவ. பதினாறு வருஷமா சுடுறேன்."

"அதுதாம்மா பிரச்சினை," என்றார் அவர் வருத்தத்தோடு. "நீ எங்கயும் போகல, எங்கேயிருந்தும் வரல. உன்கிட்ட கதையே இல்லையே."

ஸஹ்ராவைக் கூப்பிட்டு நேர்காணல் நடத்தினார்கள். மூன்று வருடம் முன்னால் எத்தியோப்பியாவிலிருந்து அபெபா என்ற பெயரில் வந்தவள் அவள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே, பேரவை தன் பட்டியலில் அடுத்தாற்போல் இருந்த ஸஹ்ரா என்ற பெயரை அவளுக்குக் கொடுத்துவிட்டது. கையில் பாதி தின்ற ஆப்பிளோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"உன் கஷ்டத்தைச் சொல்லும்மா," என்றார் டாக்டர் மிஷால்.

"என்ன கஷ்டம்?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி பட்டது. பள்ளிக்கூடத்துக்குச் செருப்பில்லாம ஓடியிருப்பியே?"

"செருப்பு இருந்துச்சு. போட்டுக்கிட்டு ஓடினா வார் அறுந்துடும்னு கையில எடுத்துக்கிட்டு ஓடுவேன்."

"எழுதுங்க வஜீஹ். வெறுங்கால். அப்புறம், பசி?"

"எங்கப்பா ஆரஞ்சுத் தோட்டம் வெச்சிருக்கார். கடைத்தெருவுல ஓட்டலும் இருக்கு."

குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வஜீஹ் சிறிது யோசித்துவிட்டு, 'பசி: இருந்திருக்கலாம்' என்று எழுதினார்.

"கடல்ல, படகுல ஏறி, அலையில..." என்று ஆரம்பித்தார் ஒரு உறுப்பினர்.

"பிளேன்ல வந்தேன். டிக்கெட் நீங்கதான் அனுப்புனீங்க. ஜன்னல் சீட்டு."

"பிளேன்னாலும் கீழ கடல்தானே இருந்துச்சு," என்றார் அந்த உறுப்பினர் விட்டுக்கொடுக்காமல். 'கடல் கடந்தவர்' என்று பதிவாயிற்று.

வேறு நாட்டில் பிறந்ததற்கு நாற்பது மதிப்பெண். கஷ்டத்துக்கு முப்பது. தேசிய கீதத்தைக் கேட்டு அழுவதற்குப் பதினைந்து. எந்த வரியில் அழ வேண்டும் என்று அவள் கேட்டாள்; வஜீஹ் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். மற்ற சில்லறைத் தலைப்புகளையும் சேர்த்து மொத்தத்தில் நூற்றுக்கு அறுபத்தெட்டு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. ஒரு தட்டு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவளுக்குக் கஷ்டத்தில் முப்பதுக்குப் பதினேழா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை உள்ளரங்கத்தில் நடந்தது. கொடி பறப்பதற்காக மூன்று பெரிய மின்விசிறிகள். அவற்றைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள வங்காளதேசத்திலிருந்து வந்த ஆறு பேர். டாக்டர் மிஷால் அவர்களைப் பார்த்து, "காத்தை இன்னும் கொஞ்சம் தேசியமா வீசச் சொல்லுங்க," என்றார். வஜீஹ் போய் விசிறியை இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்பிவிட்டு வந்தார். "இதுதான், இதுதான்," என்று டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

இடைவேளையில் அபெபா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"செம கனம்க்கா. விழா முடிஞ்ச மூணாம் நாள் எனக்கு ஓட்டம் இருக்கு, இதைத் தூக்கினா தோள் போயிடும். உனக்கு ஆசைன்னு தெரிஞ்சிருந்தா உனக்கே குடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல."

"முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே. கொடியை முழுங்கிடற மாதிரி பார்க்குறே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கொடிக்காக என்னோடு சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். வேண்டாதவளுக்குக் கிடைக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நேராக வஜீஹின் அறைக்குப் போனேன்.

"உஸ்தாத், ஒருத்தி இங்கேயே பொறந்தவ. ஆனா அவ குடும்பம் வெளியில இருந்து வந்ததுன்னா அவளும் விண்ணப்பிக்கலாமா?"

"படிவம் இருக்கு," என்றார் வஜீஹ். "நம்ம ஆபீஸ்ல படிவம் இல்லாத விஷயமே கிடையாது." இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். "மகளே, ஒரு வார்த்தை. வெளியில இருந்து வந்தவன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா, அதைத் திரும்ப வாங்கறதுக்கு மட்டும் படிவம் இல்ல."

பொறாமைக்காரிக்குக் காது கேட்காது. படிவத்தை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் மஜ்லிஸ் சுவரில் வம்ச மரம் ஒன்று மாட்டியிருக்கிறது. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். தங்க மையால் எழுதியது, வேர் பாலைவனத்தில் எங்கோ குதிரை மேல் இருக்கும் ஒரு வீரனிடம் போய் முடியும். ஆனால் விருந்தாளிகள் இல்லாத நாளில் நாங்கள் காலை ரொட்டிக்கு மஹ்யாவா தொட்டுக்கொள்வோம். மத்தி மீனை ஊறவைத்துச் செய்கிற அந்தக் கறுப்புச் சாறு, எதிர்க்கரைப் பாரசீகத்துக்காரர்களின் சாப்பாடு. ஜவாஹிரின் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் அம்மா முதலில் ஒளித்து வைப்பது அந்தப் புட்டியைத்தான். அடுத்தபடியாகத்தான் தலைமுடியை மறைப்பாள். இந்த ஊரில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். யாரும் யாரையும் கேட்பதில்லை.

அப்பாவின் இரும்புப் பெட்டியில் அந்தத் தாள் இருப்பது எனக்குத் தெரியும். கொள்ளுத்தாத்தா மத்தர் பாரசீகக் கரையின் லிங்கா துறைமுகத்தில் படகு ஏறியபோது கொடுத்த பயணச் சீட்டு. 'மத்தர், சமையல்காரர்' என்று எழுதி, கட்டைவிரல் ரேகை வைத்திருக்கும். கிழித்துப்போட அப்பாவுக்கு மனசு வரவில்லை; வெளியில் காட்டவும் தைரியம் வரவில்லை.

"பாபா, அதைக் குடுங்க," என்றேன்.

"எதை?"

"சமையல்காரர் சீட்டை."

அப்பா எழுந்து போய் மஜ்லிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உனக்குப் பைத்தியமா? அந்த மரத்துக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? சமையல்காரரைக் குதிரைவீரனோட ஒட்ட வெக்க எத்தனை பேர் காலைப் புடிச்சேன் தெரியுமா? இப்ப ஜவாஹிர் கல்யாணம் நடக்கப் போற நேரத்துல..."

"கொடி எனக்குக் கிடைக்கும் பாபா."

"கிடைக்க வேண்டாம்னா சொல்றேன்? நாலு வருஷம் பொறு."

"நாலு வருஷம் கழிச்சு அவங்களுக்கு வேற கிறுக்குப் புடிச்சிருக்கும்."

அப்பா தொழுகைக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டேன். சாவி எங்கே இருக்கும் என்பது தெரிந்த விஷயம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று மின்விசிறிகளுக்கு முன்னால் அந்தப் பெண் நிற்கிற நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

கொடிக் குழு அந்தச் சீட்டைப் பார்த்துப் பூரித்துப்போயிற்று. பதினோரு பேரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"உள்ளூர்லயே விளைஞ்ச வந்தேறி," என்றார் டாக்டர் மிஷால் கண் கலங்க. "இறக்குமதியே செய்ய வேண்டியதில்ல."

மதிப்பெண் போட்டார்கள். சமையல்காரர் என்பதால் பசிக்கு முழுசாகக் கிடைத்தது. ஊருக்கே சமைத்தவன் தான் சாப்பிட்டிருக்க மாட்டான் என்று ஓர் உறுப்பினர் வாதாடினார். என் சொந்தக் கஷ்டத்தையும் கேட்டார்கள். ஒரு தடவை ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு நாள் ஏ.சி. வேலை செய்யவில்லை என்றேன். அதற்கு ஒன்று. மொத்தம் எழுபத்தொன்று. ஸஹ்ராவை விட மூன்று அதிகம். பச்சைத் தாளில் முத்திரை குத்தி, 'இவர் வந்தேறி வழிவந்தவர் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று கொடுத்தார்கள். அந்தத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்போது தாழ்வாரத்தில் அபெபா காலை நீட்டி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

"உனக்கே கிடைச்சிடுச்சாமே. மாஷா அல்லாஹ்," என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். எனக்குப் பாதி ருசி போய்விட்டது.

எங்கள் அலுவலகங்களில் எந்தச் சான்றிதழுக்கும் மூன்று நகல். ஒன்று ஆளுக்கு, ஒன்று கோப்புக்கு, மூன்றாவது குடியுரிமைத் துறைக்கு. இது யாரும் எனக்கு எதிராகச் செய்ததில்லை, எப்போதும் செய்வதுதான்.

முதல் வாரத்தில் ஜவாஹிரின் மாப்பிள்ளை வீட்டார் பரிசுப் பெட்டிகளை ஓர் ஆள் மூலம் திருப்பிக் கேட்டனுப்பினார்கள். ஜவாஹிர் அழவில்லை. என் அறைக்கு வந்து, "கொடி உனக்கு நல்லா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாவது வாரத்தில் குடியுரிமைத் துறையிலிருந்து கடிதம் வந்தது. நாடு உண்டானபோது பள்ளிக்கூட முற்றத்தில் மேஜை போட்டுப் பெயர் பதிந்தார்களாம். அன்றைக்கு மத்தர், 'இங்கேயே பிறந்தவன்' என்று சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்ற எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது அவர் பேரனின் மகளே சான்றிதழோடு மறுத்துவிட்டபடியால், அவர் பொய் சொன்னவர் ஆகிறார். எனவே அவருடைய குடியுரிமை ரத்து. அவர் இறந்துபோனதால், உயிரோடு இருக்கும் அவர் வழியினர் அறுபத்தொரு பேருக்கும் ரத்து.

கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் மிஷாலிடம் ஓடினேன். அவர் மத்தரின் பழைய குடியுரிமைக் கோப்பையே வரவழைத்து வைத்திருந்தார்.

"பதட்டப்படாதே," என்றார். "கொடி விஷயத்துல இது நமக்கு லாபம். இதுவரைக்கும் நீ வந்தேறியோட வாரிசு. இப்ப நீயே நாடில்லாதவ. நாப்பதுக்கு நாப்பது."

"டாக்டர், எங்கப்பா பென்ஷன் நின்னுபோச்சு. எங்க சித்தப்பாவை ஆஸ்பத்திரியில உள்ள விடமாட்டேன்னுட்டாங்க."

"எழுதுங்க வஜீஹ். கஷ்டம்."

வஜீஹ் எழுதவில்லை. பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. டாக்டர் அதைக் கவனிக்காமல் கோப்பைப் புரட்டிக்கொண்டே போனார். மத்தர் இங்கேயே பிறந்தவர் என்று சத்தியம் செய்த சாட்சியின் ரேகையும் பெயரும் இருந்த பக்கத்தில் நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். சாட்சி, டாக்டர் மிஷாலின் தாத்தா.

டாக்டர் கோப்பைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"அந்தக் காலத்து மனுஷங்க வெள்ளந்தி," என்றார் அவர். "உங்க கொள்ளுத்தாத்தா எங்க தாத்தாவை ஏமாத்தியிருக்கார்."

"ரெண்டு பேரும் ஒரே படகுல வந்தவங்கன்னு எங்க பாபா சொல்றாரே."

டாக்டர் மிஷால் கோப்பை மூடி, நாடாவால் கட்டி, முடிச்சுப் போட்டார்.

"அப்ப படகுலயே ஏமாத்தியிருக்கார்," என்றார்.

நாடில்லாதவள் எப்படிக் கொடி பிடிப்பது என்ற கேள்வி வந்தது. அதற்கும் வழி இருந்தது. வெளியிலிருந்து ஓட வருகிறவர்களுக்கும் பளு தூக்க வருகிறவர்களுக்கும் கொடுக்கிற, சில மாதத்தில் காலாவதியாகும் விளையாட்டுக் கடவுச்சீட்டு ஒன்றை எனக்கும் எழுதினார்கள். அது நம் கையில் இருக்காது. வஜீஹின் பெட்டகத்தில் இருக்கும். விமான நிலையத்தில் தருவார், இறங்கியதும் வாங்கிக்கொள்வார். பெயர்ப் பட்டியலில் அடுத்ததாக இருந்த பெயரைக் கொடுப்பதா என்றும் ஒரு கூட்டம் நடந்தது. ஏற்கெனவே அரபுப் பெயர்தானே என்று பழைய பெயரையே வைத்துக்கொள்ளப் பெரிய மனது பண்ணி அனுமதித்தார்கள்.

கிளம்புகிற அன்று அப்பா மஜ்லிஸில் தனியாக உட்கார்ந்திருந்தார். காப்பி குடிக்க யாரும் வருவதில்லை. சுவரில் வம்ச மரம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"உன்னைத் திரும்ப உள்ள விடுவாங்களான்னு கேட்டியா?" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

"கேட்டேன் பாபா. அந்தக் கேள்விக்குப் படிவத்துல இடம் இல்லையாம்."

அவர் தலையாட்டினார். திட்டியிருக்கலாம்.

தொடக்க விழா அன்று மாலை மைதானத்துக்குள் நுழைகிற சுரங்கப் பாதையில் எங்கள் நாட்டுக்காரர்கள் பதினேழு பேரும் வரிசையில் நின்றோம். அம்மா தைத்த அங்கியைப் போட்டிருந்தேன். கையில் கொடி. பதினாறு வருடமாக எதற்கு ஏங்கினேனோ அது. கம்பம் சில்லென்று இருந்தது. டாக்டர் மிஷால் வெளிநாட்டு நிருபர்களிடம், "வந்தவர்களை நாங்கள் ஒருபோதும் பிரித்துப் பார்த்ததில்லை. இவரைப் பாருங்கள், நூறு வருடமாக எங்களோடு இருக்கிறார், ஆனாலும் வந்தவராகவே மதிக்கிறோம்," என்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி அபெபாவைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் முகத்தில் கொஞ்சமாவது பொறாமை இருக்கிறதா என்று தேடத்தான் பார்த்தேன். ஒரு துளி இருந்தால் போதும், எல்லாவற்றுக்கும் ஈடாகிவிடும் என்று இருந்தது. அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, சுருண்டிருந்த என் அங்கியின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"உன் பாஸ்போர்ட்டுல எத்தனை மாசம் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள் மெதுவாக.

"பன்னண்டு. உனக்கு?"

"இருபத்திநாலு," என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை, மணி கேட்டவருக்கு மணி சொல்வதைப் போலத்தான் சொன்னாள். "அதுக்கப்புறம் எங்கப்பாகிட்ட போயிடுவேன். தோட்டத்தைப் பார்த்துக்க ஆள் இல்லையாம்."

அதற்குள் எங்கள் நாட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். கொடியை உயர்த்திக்கொண்டு வெளிச்சத்துக்குள் நடந்தேன். முழுத் திரையிலும் என் முகம் தெரிந்ததாம். நன்றியில் எப்படிப் பொங்கிப்போயிருக்கிறார் பாருங்கள் என்று வர்ணனையாளர் சொன்னாராம். இருபத்துநாலு மாதம், அதற்கப்புறம் போக ஓர் ஊர் என்று எண்ணிக்கொண்டே அந்த வட்டத்தைச் சுற்றி முடித்தேன். வயிறு எரிந்தது.